பதினாலு நாளும் அறுபது நாளும்: புதுக்கடை நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

வெள்ளிக்கிழமை மாவட்ட நீதிமன்றத்தில எங்கட கட்சிக்காரருக்கு எதிராத் தீர்ப்பு வந்திட்டுது, காணி வழக்கு, வருசக்கணக்கா இழுபட்டது. நான் புதுக்கடையில, கொழும்புக் கோட்டுகள் இருக்கிற இடத்தில, ஒரு சட்டத்தரணியிட ஆபீஸில டைப் அடிக்கிற ஆள். இண்டைக்குக் காலம சேர், அந்தச் சட்டத்தரணி, கோட்டுக்கு இறங்க முதலே டயரியை எடுத்து ரெண்டு கணக்கை சிவப்பு மையால எழுதிப்போட்டன். மேன்முறையீடு செய்யப் போறம் எண்டு சொல்லுற அறிவித்தலுக்கு 14 நாள், காரணங்களை எழுதிப் போடுற மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். ரெண்டையும் ஒரே மாதிரி எண்ணக்கூடாது. 14 நாளில தீர்ப்புச் சொன்ன நாள், அறிவித்தல் போடுற நாள், ஞாயிறு, பொது விடுமுறை எல்லாத்தையும் கழிக்கலாம். 60 நாள் அப்பிடி இல்லை, தீர்ப்புத் திகதியில இருந்து ஞாயிறு, போயா எண்ட பௌர்ணமி லீவு எல்லாத்தையும் விழுங்கிக்கொண்டு ஓடும். மே 30ல இருந்து எண்ணினா ஜூலை 29. அந்த நாள் தப்பினா வழக்கில எவ்வளவு நியாயம் இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

எங்கட ஆபீஸ் கிளாக் ஐயா வழக்கறிஞர் அப்புக்காத்து, பிரக்கிராசி எண்டு ரெண்டு வகையா இருந்த காலத்திலயே புதுக்கடைக்கு வந்தவர், 1974ல ரெண்டும் ஒண்டாகி எல்லாரும் சட்டத்தரணி ஆனதைக் கண்ணால பாத்தவர். அவர் டயரியை எட்டிப் பாத்திட்டு, "கடைசி நாளை மட்டும் குறிச்சு வைக்காத பிள்ளை, அதுக்கு ஒரு கிழமை முந்தியும் ஒரு குறி போடு, சேர் அதைத்தான் பாக்கோணும்" எண்டார். போட்டன், ஜூலை 22.

ஜூன் 5, வியாழன்

கொச்சிக்கடையில இருந்து ஒரு அன்ரி, வேற எங்கயோ அடிச்சு வாங்கின சத்தியக் கடதாசியோட வந்தவ. வாசிச்சுப் பாத்தா முதல் பந்தியிலயே "இந்து என்ற வகையில் பயபக்தியுடன் உறுதிப்படுத்துகிறேன்" எண்டு கிடக்கு, அன்ரியிட கழுத்தில செபமாலை. யாரோட பழைய ஃபைலையோ திறந்து பேரை மட்டும் மாத்தி அடிச்சிருக்கினம். இந்து, பௌத்தர், முஸ்லிம் எண்டா உறுதியுரை, கிறிஸ்தவர் எண்டா சத்தியம். இந்த ஒரு வரியைப் பிடிச்சு ஆட்சேபனை கிளப்பின வழக்குகள் இருக்கு. கீழ சமாதான நீதவான் ஒப்பம் வைக்கிற இடத்தில திகதி இருக்கு, எந்த இடத்தில வச்சு எண்டது இல்லை.

முழுக்கத் திருப்பி அடிச்சன். அடிச்சு முடிச்சு அன்ரியைப் பக்கத்தில இருத்தி ஒவ்வொரு பந்தியாத் தமிழில சொல்லிக்கொண்டு வர, நாலாம் பந்தியில அவ மறிச்சு, "இல்லை மகள், அவர் செத்தது வீட்டில இல்லை, ஆஸ்பத்திரியில" எண்டா. இவ்வளவு காலமும் ஒருத்தரும் அவவுக்கு அதை வாசிச்சுக் காட்டேல்லை. எனக்கு நெஞ்சு பத்திக்கொண்டு வந்தது. தான் ஒப்பம் வைக்கிறது என்னெண்டு விளங்கிறது ஒரு மனுசருக்கு இருக்கிற உரிமை, கொழும்புக் கோட்டில வேலை கூடுதலா சிங்களத்தில, மேல போகப் போக இங்கிலீஷில, எங்கட சனம் எத்தினை பேர் தலையை மட்டும் ஆட்டிப்போட்டுப் போகுதுகள்.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

லீவு. பின்னேரம் பெரியம்மா ஆக்கள் வந்திச்சினம், போயாவுக்குச் சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சல் பாக்கப் போற வழியாம். வழக்கமான கேள்விதான், "எப்ப லோ கொலிஜ் சோதினை எடுக்கப் போறாய், எத்தினை நாளைக்கு டைப் அடிக்கிறது?" அம்மாவும் அதுக்கு ஒத்து ஊதினா. நான் சொல்லிப்போட்டன், பெரியம்மா, நான் சட்டத்தரணி ஆகக் காத்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை, இதுதான் நான் விரும்பி எடுத்த தொழில் எண்டு. அவ விளங்கின மாதிரித் தெரியேல்லை. பிறகு எங்கட சொந்தத்தில ஒருத்தரிட விவாகரத்து வழக்கைப் பற்றி மெல்லமாக் கேட்டா, அது எங்கட ஆபீஸில இருக்கோ எண்டு. தேத்தண்ணி போட எண்டு எழும்பிப் போட்டன். இருக்கு எண்டும் சொல்லக்கூடாது, இல்லை எண்டும் சொல்லக்கூடாது, ஆபீஸ் கதை ஆபீஸோட நிக்கோணும்.

ஏஎல் முடிச்ச பிள்ளையள் ரெண்டு பேர் இந்த வேலைக்கு என்ன படிக்கோணும் எண்டு கேட்டவை. செக்ரட்டேரியல் கோர்ஸ் செய்யுங்கோ, நல்லது, ஆனா அதை விட முக்கியம் மூண்டு மொழியிலயும் டைப்பிங். சிங்களத்துக்கு விஜேசேகர கீபோட், தமிழுக்கு பாமினி கீபோட், ரெண்டும் விரல் பாக்காம ஓடோணும். அதோட ஃபைலில கடைசி ஓடர் என்ன, அடுத்த தவணை எப்ப எண்டு பாத்த உடன சொல்லத் தெரியோணும். கொழும்பில மூண்டு மொழியும் ஒழுங்கா அடிக்கிற ஆள் கிடைக்கிறது லேசில்லை, அதால சம்பளம் கேக்கேக்க கூச்சப்படாதேங்கோ.

ஜூன் 13, வெள்ளி

மாசத்தில மண்டை வெடிக்கிற நாள். சேர் காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துற நொத்தாரிசும் எண்ட படியால் போன மாசம் எழுதின உறுதியளிட ரெண்டாம் பிரதி எல்லாம் லிஸ்ட்டோட காணிப் பதிவகத்துக்கு 15ஆம் திகதிக்குள்ள போகோணும், ஒரு உறுதியும் எழுதாத மாசம் எண்டாலும் வெறும் லிஸ்ட் போகோணும். இந்த முறை 15 ஞாயிறு, அதால இண்டைக்கே முடிச்சாச்சு.

ஒரு உறுதியில அட்டவணையில காணியிட அளவு 7.5 பேர்ச், நில அளவைப் படத்திலயும் 7.5, ஆனா பழைய உறுதியில 7.05. ஒரு பூச்சியம்தான், கொழும்புக் காணி விலைக்கு அது எவ்வளவு காசு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சேரிட்டக் காட்டினன், உடன சேவேயருக்கு கோல் எடுத்தார். இன்னொண்டில கையால ஒரு சொல்லு வெட்டித் திருத்தி இருந்தது. அப்பிடித் திருத்தினா எத்தினையாம் பக்கம், எத்தினையாம் வரி, எந்தச் சொல்லு எண்டு நொத்தாரிசு தன்ர அத்தாட்சியில எழுதோணும், மூலத்தில எப்பிடி, பிரதியில எப்பிடி எண்டு தனித்தனியா. ஸ்கேலை வச்சு வரி எண்ணி எண்ணி அடிச்சன். எனக்கு இந்த வேலையில ஆகப் பிடிச்சதே இதுதான், இருவது வருசம் கழிச்சு ஆரோ அந்த உறுதியைத் தூக்கிப் பாக்கேக்க அந்தத் திருத்தத்தில சந்தேகம் வரக்கூடாது.

ஜூலை 21, திங்கள்

அறிவித்தல் ஜூன் முதல் கிழமையே எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொப்பி குடுத்த அத்தாட்சியோட போயிட்டுது. மனுவைத்தான் சேர் வெட்டி வெட்டி எழுதிக்கொண்டே இருந்தார், போன கிழமை முழுக்க ஏழு மணிக்குப் பிறகுதான் வீடு. இண்டைக்குக் காலம கடைசிப் பிரதி அடிச்சு, பந்தி இலக்கம் பாத்து, ஆவணங்களுக்கு அடையாளம் போட்டு, நானும் கிளாக் ஐயாவும் மாவட்ட நீதிமன்றப் பதிவகத்துக்குக் கொண்டு போனம். வழக்கைக் கேக்கப் போறது சிவில் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் எண்டாலும் மனு போடுறது தீர்ப்புச் சொன்ன கோட்டிலதான். எங்கட பிரதியில திகதிச் சீல் குத்தினதும் அங்கயே நிண்டு எழுத்துத் தெளிவா விழுந்திருக்கோ எண்டு பாத்தன், 21 வடிவா விழுந்திருக்கு.

கட்சிக்காரருக்குக் கோல் எடுத்துச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு "அப்ப இன்னும் முடியேல்லை என்ன தங்கச்சி" எண்டார். முடியேல்லை அண்ணா, தவணைத் திகதி வந்த உடன நானே எடுத்துச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு அவரிட நம்பரை ஃபைலிட முன் அட்டையில எழுதி வச்சன்.