அப்பாவை மன்னிக்காமலேயே

நெஞ்சுவலி வந்தால் ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, மனசு சரியில்லை என்றால் 'கேன்' என்கிற கரும்புச் சாராயப் போத்தல். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஆண்களின் வைத்தியம் இவ்வளவுதான். நான் குடிப்பதில்லை. அதனாலேயே எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்திருந்தேன். என் வழி வேறு: வீட்டில் சண்டை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன், நாள்கணக்கில். வைத்ததைச் சாப்பிடுவேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன், மனைவியின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன். "உங்க அப்பாவாவது கத்துவாராம். மூடின வாயைப் பார்த்து நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கிறது?" என்றாள் ஒருநாள். அப்புறம்தான் டர்பனில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்குப் போன் போட்டேன்.

வருமானத்தைக் கேட்டுத்தான் கட்டணம் சொன்னார்கள். முதல் சந்திப்பில் குழந்தைப் பருவம் பற்றிப் பேச்சே இல்லை. குடி உண்டா, வீட்டில் துப்பாக்கி உண்டா, செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா, மனைவியை அடித்ததுண்டா? அவளையும் தனியாகக் கேட்டார்கள். அடிதடி நடக்கும் வீடென்றால் இருவரையும் ஒன்றாக உட்காரவைப்பது ஆபத்தாம். சரியான முறைதான்.

அடுத்து 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள். அடி, வசை, வீட்டில் குடிகாரர் என்று 18 வயதுக்கு முன் பட்டதெல்லாம் அதில் வரும். 1995-97இல் கலிஃபோர்னியாவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலிருந்து வந்த கேள்விகள். எண்ணிக்கை கூடக் கூட, பிற்காலத்தில் குடி, மனச்சோர்வு, இதயநோய் எல்லாம் கூடுவதை அந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஒருவனின் தலையெழுத்து இல்லை என்று ஆலோசகர் அழுத்திச் சொன்னார்.

என் கதை வெள்ளிக்கிழமைகளில் இருந்தது. சம்பள நாள். பஸ் நிற்கும், பிறகு படியில் அப்பாவின் காலடி. இரண்டு படிக்கு நடுவே விழும் இடைவெளியை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பெல்ட் கதவுக்குப் பின்னால் தொங்கும். மூச்சுக்கூட விடாமல் கிடந்தால் சில ராத்திரி தப்பிக்கலாம். "அந்த வயசுல அது புத்திசாலித்தனம். இப்போ உங்க வீட்டுப் படியில யாரும் அப்படி ஏறி வர்றதில்லையே" என்றார் ஆலோசகர் அம்மா. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

குடும்ப மரம் வரையச் சொன்னார். தாத்தா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் போட்டவர். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் தோட்டம் போனது; குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது. அப்பா அப்போது பையன். தாத்தாவிடம் அவர் வாங்கிய அடியைப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். காரணம் புரிந்தது, கோபம் போகவில்லை. ஆடிக் கூழ் ஊற்றும் அன்று அதே பெரியம்மா, "செத்தவரைப் பேசலாமா?" என்று அதட்டினார். மன்னித்தால்தான் ஆறும் என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். ஆலோசகர் அதை ஒருதரம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுவே பெரிய விடுதலை. பிள்ளையைக் கண்டிக்கத்தான் அடித்தேன் என்று பெற்றோர் தப்பிக்க முடியாது என 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 'அடியாத மாடு படியாது' என்று சிரித்தவர்கள்தானே நம் சொந்தக்காரர்கள்.

உண்மையில் பலன் தந்தது ஒரு சின்னப் பயிற்சி. வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பவர் ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். அதனால் "இப்போ முடியலை, இருபது நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். திரும்பியும் வர வேண்டும். முக்கு டீ ரூம் வரை நடப்பேன். திரும்பி வந்தாலும் என்ன பேசுவது? உடம்பில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார். "தொண்டை அடைக்குது" என்றேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் வாய் மூடிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் மறுநாள் காலைக்குள் திறந்துவிடுகிறது. அடுத்த மாதம் முதல் இருவரும் சேர்ந்து போகிறோம். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டுப் பார்த்தேன், தரமாட்டாளாம்.