சக்கரம் சுற்றும் முன் சூட்டைப் படியுங்கள்

ஜப்பான் பாணியில், அலங்காரம் இல்லாத எளிய மண் கோப்பை, கிண்ணம் செய்யப் பழக வேண்டும் என்று நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். நான் படித்த வரையில் முதல் பாடம் சூடுதான்.

ஜப்பானின் பிசென் ஊர் மண்பாண்டத்தைப் பார்த்தால் அதையே செய்யக் கை துடிக்கும். மெருகு, அதாவது கண்ணாடி போன்ற பூச்சு, எதுவும் பூசாமல், பைன் விறகு போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் எரித்து 1200 டிகிரியைத் தாண்டிக் கொண்டுபோகிறார்கள். சுற்றி வைத்த வைக்கோலில் இருக்கும் பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து செங்கோடுகள் விழுகின்றன. வைக்கோலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரும்பு மிகுந்த நம் குளத்து மண் அவ்வளவு சூடு தாங்காது. பொதுவாக 1100 டிகிரியை ஒட்டியே உப்பி, வளைந்து, உட்கார்ந்துவிடும்.

அதனால் ராக்கு முறையில் தொடங்குங்கள். 16-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் தேநீர்க் கிண்ணத்துக்காகப் பிறந்தது. 1000 டிகிரி பக்கம் போதும். தகதகவென்று இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பதால், மண்ணில் சுட்ட ஓட்டுத் தூளையோ மணலையோ கலந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும். மரத்தூளில் போட்டுப் புகைப்பது பின்னால் அமெரிக்காவில் வளர்ந்த பழக்கம். ராக்கு கிண்ணம் நீர் கசியும் என்பதையும் மறக்காதீர்கள்.

தீயைப் பழக, மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சிக்குப் போங்கள். அங்கே வேலை செய்யும் அண்ணாச்சிகளிடம் அனுமதி கேட்டு, சூளைப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் சூளையில் ஆரம்பத் தீ மெதுவாக இருக்கட்டும். புகைவாயில் எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் காட்டுங்கள். தட்டு வியர்த்தால் பானையில் இன்னும் ஈரம் இருக்கிறது, விறகைக் கூட்டக் கூடாது. அப்புறம் நிறத்தைப் படியுங்கள்: மங்கிய சிவப்பு 700 டிகிரி பக்கம், ஆரஞ்சு 1000 டிகிரி பக்கம்.

ஆதிச்சநல்லூரில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களையும் பாருங்கள். காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. புகையை ஆளத் தெரிந்தவர்கள் இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு உயர்சூட்டுக்குப் போகலாம். அதற்கு புதுச்சேரி நல்ல இடம். பிசெனில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியது அங்கேதான். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தக் குளத்து மண், எவ்வளவு மணல், எந்தச் சூடு என்று பின்பக்கம் கீறி எழுதிச் சுட்ட சின்னச் சின்ன மண் வில்லைகளை எடுத்துப் போங்கள்.