நீல உடையில் நிற்கும் அக்கா

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் வெஸ்ட் டல்விச். அங்கிருந்து மரங்கள் அடர்ந்த சாலையில் கொஞ்சம் நடை. டல்விச் பிக்சர் கேலரிக்கு நான் போனதே ஒரு படத்துக்காகத்தான். தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1772 வாக்கில் வரைந்த லின்லி சகோதரிகள்.

முந்தின நாள் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் பிலிப் மெர்சியரின் 1733-ஆம் வருடத்துப் படத்தைப் பார்த்திருந்தேன். அரசர் இரண்டாம் ஜார்ஜின் மகள் ஆன், பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்ஸிகார்ட் வாசிக்கிறாள். அண்ணன் வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ வாசிக்கிறான். அவளுக்கு இசை சொல்லிக்கொடுத்தவர் சாட்சாத் இசையமைப்பாளர் ஹாண்டல்! ஆனால் படத்தில் வாத்தியார் இல்லை, பிள்ளைகள் மட்டும்தான்.

அந்தக் காலத்து வசதியான வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு ஹார்ப்ஸிகார்ட், கிட்டார், பிற்பாடு பியானோ கற்றுக்கொடுத்தார்கள். வயலினும் புல்லாங்குழலும் பெண்ணுக்கு அழகில்லை என்று ஒதுக்கினார்கள். அவர்கள் கற்ற கிட்டாரும் இன்றைய கிட்டார் இல்லை. பேரிக்காய் வடிவம், உலோகத் தந்திகள். விரலால் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஸி மேஜர் என்ற இசைவான ஸ்வரக்கூட்டு ஒலிக்கும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு முதல் நாளே இனிமையாகக் கேட்கும். கற்றதை வாசிக்கும் இடம் வீட்டு வரவேற்பறை, அவ்வளவுதான்.

லின்லி வீட்டுக் கதை வேறு. அப்பா தாமஸ் லின்லி பாத் நகரத்தில் பாட்டு வாத்தியார். வீட்டில் நடந்த பாடம் நேராக மேடைக்குப் போனது. மூத்தவள் எலிசபெத் சின்ன வயதிலேயே கச்சேரிகளில் பாடிப் பேர் வாங்கிவிட்டாள்.

சரி, படம். நீல உடையில் நிற்பவள் எலிசபெத். உட்கார்ந்திருப்பவள் தங்கை மேரி. கூடவே ஒரு கிட்டார், இசைக்குறிப்புத் தாள். மேரி நம்மை நேராகப் பார்க்கிறாள். அக்காவின் பார்வை எங்கோ போய்விட்டது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் உடை முழுக்க வேகமாக இழுத்த தூரிகைக் கோடுகள். முகங்களில் அந்த அவசரமே இல்லை. ஜான் ஸோன் கட்டிய இந்தக் கூடத்தில் வெளிச்சம் மேலே கூரை வழியாக வருகிறது. வெளியே மேகம் விலகியதும் அந்த நீலம் பளிச்சென்று மாறியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

1773-இல் எலிசபெத் நாடக ஆசிரியர் ஷெரிடனை மணந்தாள். மனைவி காசுக்கு மேடையில் பாடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அப்புறம் வீட்டுக்கு வந்த விருந்தினருக்கு மட்டும்தான் அந்தக் குரல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அப்பா அத்தனை வருடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாட்டு! மேரி 1787-இலும் எலிசபெத் 1792-இலும் காசநோயில் இறந்தார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கெய்ன்ஸ்பரோ வரைந்த அப்பாவின் படமும் இதே கேலரியின் சேகரிப்பில்தான் இருக்கிறது. குடும்பத்துப் படங்களை இங்கே கொடுத்தது கடைசித் தம்பி வில்லியம். கிளம்பும்முன் அக்கா தங்கை முன்னால் இன்னொரு தடவை போய் நின்றேன். வெளிச்சம் மங்கியிருந்தது. மேரி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.