மூன்று ஆம்ப், ஒரே ஸ்பீக்கர்: இரண்டு வாரம் ஒப்பிட்டுக் கேட்டது

பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று, எல்எம்3886 ஐசி (சிப்) போட்டு நானே செய்த ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் டிபிஏ3116 போர்டு ஒன்று. முதல் இரண்டும் கிளாஸ் ஏபி, அதாவது சிக்னலைத் தொடர்ச்சியாகப் பெருக்கும் பழைய வகை. மூன்றாவது கிளாஸ் டி, வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் வகை. மூன்றும் கைவசம் இருந்தும், ஒழுங்காக உட்கார்ந்து ஒப்பிட்டுக் கேட்டதே இல்லை.

முதல் நாள் மூன்றின் வால்யூமையும் காதாலேயே சமமாக வைத்துக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனத்தை (கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி) ஓடவிட்டேன். கிளாஸ் டி போர்டில் மிருதங்கத்தின் வலந்தலை (வலதுபக்கத் தோல்) பளிச்சென்று தெறித்தது. தொப்பியின் (இடதுபக்கத் தோல்) கும்கி என்கிற கனத்த நாதம் நெஞ்சில் வந்து மோதியது. ரிசீவருக்கு மாற்றினால் அதே வாசிப்பு சோர்ந்து கேட்டது. கிளாஸ் டி தான் முதலிடம் என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

மறுநாள்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பார்த்தேன். (சாதாரண மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது, அதனால்தான் 100.) ரிசீவர் 2.00 வோல்ட். எல்எம்3886 2.05. கிளாஸ் டி 2.35! அதாவது 1.4 டெசிபல் கூடுதல். இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்' என்றுதான் சொல்லும். முதல் நாள் எழுதிய பக்கத்தை அடித்துவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் 0.02 வோல்ட்டுக்குள் சமன் செய்துவிட்டுத்தான் கேட்டேன்.

சட்டென்று மாற்றிக் கேட்க ஒரு சுவிட்ச் பெட்டி செய்ததில் ஒரு தப்பு நடந்தது. எல்லா ஆம்ப்களின் மைனஸ் வயரையும் ஒன்றாகச் சேர்த்து, பிளஸ்ஸை மட்டும் சுவிட்ச் வழியாக விட்டிருந்தேன். கிளாஸ் டி போர்டு உடனே வாயடைத்துப் போனது. அதன் வெளியீடு பிரிட்ஜ் வகை. பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கும். மைனஸை இன்னொரு ஆம்பின் கிரவுண்டோடு சேர்ப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். ஐசிக்குள்ளேயே பாதுகாப்பு இருந்ததால் பிழைத்தது. இப்போது இரண்டு வயரும் சேர்ந்தே மாறும் சுவிட்ச் போட்டிருக்கிறேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள்.

பிறகு கண்மறைவுச் சோதனை. நான் சுவரைப் பார்த்து உட்கார, தம்பி பின்னால் நின்று நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் இன்னொன்று என்று மாற்றினான். ஒரு ஜோடிக்கு 16 முறை. 12 சரியாகச் சொன்னால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம். ரிசீவரா எல்எம்3886-ஆ என்றதில் 9 தான் வந்தது. உண்மையைச் சொன்னால் ஐந்தாவது முறைக்குமேல் வெறும் ஊகம்.

ரிசீவருக்கும் கிளாஸ் டிக்கும் நடந்ததில் 14 சரி! ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தது இசை இல்லை. பாட்டு தொடங்குமுன் தம்பூரா மட்டும் மெல்லக் கேட்கும் இடத்தில், பின்னணியில் மெல்லிய 'உஸ்' ஒன்று ஓடியது. பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டரிலிருந்து (உயர் ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒரு ஜாண் தூரத்தில் காதை வைத்தால் நன்றாகவே கேட்டது. போர்டின் கெயின், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு, 32 டெசிபலில் இருந்தது. என் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தேவையே இல்லை. இந்த ஐசியில் 20, 26, 32, 36 என்று நான்கு அளவு உண்டு, இரண்டு ரெசிஸ்டரை மாற்றினால் போதும். 20-க்கு இறக்கி, மறுபடி வோல்ட் சமன் செய்து, மறுபடி 16 முறை. இந்தத் தடவை 10 தான்.

சத்தமாக வைத்தால் கதை வேறு. 8 ஓம் ஸ்பீக்கரில் எல்எம்3886 ±28 வோல்ட் சப்ளையில் 38 வாட் வரை போகும். கிளாஸ் டி போர்டுக்கு நான் கொடுத்தது 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர். 20 வாட்டைத் தாண்டுவதே கஷ்டம். ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையில் (முடிவில் வரும் தாளக்கட்டு) கிளாஸ் டி போர்டில் வலந்தலை அடி ஒவ்வொன்றும் விளிம்பு உடைந்து கரகரவென்று வந்தது. இதற்குக் கண்மறைவுச் சோதனையே வேண்டாம், யாருக்கும் தெரியும்.

ஐசி 26 வோல்ட் வரை தாங்கும் என்பதால் 24 வோல்ட் சப்ளைக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். போர்டைப் புரட்டிப் பார்த்தால் சப்ளை கபாசிட்டர்களில் 25 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் ஓட்ட மனம் வரவில்லை. கழற்றிவிட்டு 35 வோல்ட் கபாசிட்டர்கள் பொருத்தினேன். நேற்று ராத்திரி அதே கோர்வையை அதே வால்யூமில் கேட்டேன், கரகரப்பு இல்லை. அரை மணி நேரம் ஓடியும் ஹீட்சிங்க் வெதுவெதுப்புதான். மேஜை மேல் இனி இதுதான் இருக்கும்.