பட்டறையில் சேர்ந்தாச்சு

மூன்று வருடமாக மடிக்கணினியில் தூங்கிக்கொண்டிருந்த நாவலைத் தூசி தட்டி, ஒருவழியாகப் புனைவுப் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டேன். அங்கே ஒரு விதி: நம் அத்தியாயத்தை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

நேற்று என் முறை. முதல் 12 பக்கம். "அம்மா கதவைத் திறக்க ஏன் ஒரு முழுப் பக்கம்?" என்றார் ஒருவர். மகளின் பார்வையில் போகிற கதை, நடுவில் ஒரு பத்தி மட்டும் அப்பாவின் மனசுக்குள் தாவிவிடுவதை இன்னொருவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். எத்தனையோ தடவை படித்தும் என் கண்ணில் படவே இல்லை! பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. (சும்மா இருப்பதுதான் அங்கே பெரிய பயிற்சி போல.)

அப்புறம் வீட்டுக்கு வந்து கதவுப் பக்கத்தை வெட்டினேன். நான்கு வரி மிச்சம். அதில் கடைசி வரியும் தேவையில்லைதான். சரி, அடுத்த வாரம் வரை இருக்கட்டும்.