கண்ணகி நகர், பெரும்பாக்கம்: கணக்கில் வராத தூரம்

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்படும்போதெல்லாம், "அதுதான் மாற்று வீடு கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். வீடு கொடுக்கப்பட்டது உண்மைதான். அது எங்கே கொடுக்கப்பட்டது என்பதை நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கமாக இருந்தது. தொடக்க காலத்தில் வாரியம் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் மீனவர்கள் கடலை விட்டு நகராமலேயே காரை வீட்டுக்கு மாறினார்கள். நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற இந்த வழக்கம் தேய்ந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், பிறகு செம்மஞ்சேரியும், அதன்பின் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களும் நகரத்தின் தென்கோடியில் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக அங்கே அனுப்பப்பட்டன.

சாந்தோமில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மூன்று வீடுகளில் வேலை செய்துவந்தார். காலையில் இரண்டு வீடுகளை முடித்துவிட்டு, பத்து நிமிட நடையில் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, மாலையில் மூன்றாவது வீட்டுக்கு வருவார். பெரும்பாக்கத்துக்குப் போனபின் விடியற்காலை இருட்டில் கிளம்பியும் முதல் வீட்டுக்கு நேரத்துக்கு வரமுடியவில்லை. அந்த வேலை போயிற்று. நடுவில் வீட்டுக்குப் போய்வர வழியில்லாததால் மாலை வேலையும் போயிற்று. லிஃப்ட் ஓடாத நாள்களில், எஞ்சிய ஒரு வேலையையும் முடித்துவிட்டுத் திரும்பும் அவர் ஆறு மாடி ஏறவேண்டும். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது அவருக்குப் பெரிய உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் மிச்சமாவது பணம்தான், நேரம் மிச்சமாவதில்லை. சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் விடியுமுன் மீன் எடுத்துத் தெருவில் விற்பவருக்கு அந்த நேரம்தான் முதலீடு.

பிள்ளைகளின் நிலை இன்னும் வேதனையானது. கல்வியாண்டின் நடுவில், சில வேளைகளில் தேர்வு நெருங்கும் டிசம்பரிலேகூட, குடும்பங்கள் லாரியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பழைய பள்ளிக்கே போய்வர முயலும் பிள்ளைகளில் பலர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். வளர்ந்தபின், கண்ணகி நகர் என்ற முகவரியைச் சொன்னாலே வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று அந்த இளைஞர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகில் இருக்கிறது. பெருமழையில் செம்மஞ்சேரித் தெருக்களில் வெள்ளம் நிற்பதை நாம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறியது. குடிசை மாற்று வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாற்றம் நடந்த 2021ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அருகிலேயே இடம் தரமுடியும் என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொள்கிறது. இடிப்புக்கு முன் கணக்கெடுக்க வரும் அலுவலர் கைரேகை பதிந்து மாற்று வீட்டுக்கான டோக்கன் கொடுக்கும் அன்றே, வீட்டில் யார் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றும் எழுதிக்கொண்டு, அந்த இடங்களிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு தரமுடியாதபட்சத்தில் இடிப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதவேண்டும் என்று கேட்கிறேன்.