பதில் வரும் வரை

நவம்பர் 25, 2025, செவ்வாய்
துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவத்தில் எந்த நாட்டுக் குடிமகள், கிரீன் கார்டு எண் என்ன என்றெல்லாம் நிரப்பினேன். கடைக்காரர் என் பின்னணியைச் சோதிக்க விவரத்தை எஃப்பிஐக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். "டிலேய்டு", தாமதம் என்று வந்தது. மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. காரணத்தை அவருக்கும் சொல்ல மாட்டார்களாம். நீளமான ஓர் எண்ணைச் சீட்டில் எழுதித் தந்தார்.
வீட்டுக்கு வந்ததும் பின்கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 26
பதிலுக்கு மூன்று வேலை நாள் பொறுக்க வேண்டும். நேற்று கணக்கில் சேராது. நாளை தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, மறுநாளும் டெக்சஸில் அரசு அலுவலகம் கிடையாது, அப்புறம் சனி, ஞாயிறு. டிசம்பர் 3 வரை இழுக்கிறது.

நவம்பர் 27
கணவரால் மிட்லண்டிலிருந்து வர முடியவில்லை. பாப்பா இன்றும் விளக்கை அணைக்க விடவில்லை.

நவம்பர் 28
இரவு முழுக்க என் பெயர்தான் மனதில் ஓடியது. தாமதத்துக்கு அதுதான் காரணமோ? நமக்குக் குடும்பப்பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். விசாவில் என் பெயரே குடும்பப்பெயர் ஆனது. முதல் பெயருக்கான இடத்தில் எஃப்என்யு, முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கிரீன் கார்டிலும் அதுவே தொடர்ந்தது. டிரைவிங் லைசென்ஸிலோ அப்பா பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டது. இந்த இருவரும் ஒருத்திதான் என்று மேற்கு வர்ஜீனியாவில் எஃப்பிஐ அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? எவளோ செய்த குற்றம் என் பெயரோடு பொருந்தியிருந்தால்? பிளாக் ஃபிரைடே விற்பனையால், வருடத்திலேயே இவர்களுக்குக் கூட்டம் மிகுந்த நாட்களில் இன்றும் ஒன்று. என் கோப்பு எந்த மூலையில் கிடக்கிறதோ.

நவம்பர் 30
அம்மா பேசினாள். எதையும் சொல்லவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள்.
தாழ்ப்பாள் சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 1
மூன்று நாளில் பதில் வராவிட்டாலும் துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கொடுப்பது கடைக்காரர் விருப்பம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனுக்கும் இதே "டிலேய்டு"தான் வந்தது. நாட்கள் கடந்தன, கையில் கொடுத்துவிட்டார்கள். அவனை நிறுத்தியிருக்க வேண்டிய தகவல் கடைசிவரை போய்ச் சேரவில்லை. இதைப் படித்தபின் சோறு இறங்கவில்லை. அவன் வாங்கிய வழியில் நான் வாங்க மாட்டேன். என்னை இவள்தான் என்று பார்த்து, சரி என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 2
பின்பக்கம் ஏதோ சத்தம். மணி 2.40. காற்றுதான்.

டிசம்பர் 3, புதன்
கடைக்காரரே அழைத்தார். பதில் இல்லை, ஆனால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். நேற்றிரவு நினைவுக்கு வந்தது, நாக்கு நுனிவரை "வருகிறேன்". பதில் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இந்தச் சோதனை 30 நாள்தான் செல்லும், 25ஆம் தேதி தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்.
கார்த்திகை தீபம். ஏழு அகல், இரண்டைப் பின்வாசலில் வைத்தேன். அந்த இரவுக்குப் பிறகு பாப்பா அங்கே வந்து நின்றது இன்றுதான். எண்ணெய் தீரும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

டிசம்பர் 5
கணவர் திட்டினார். பதில் பேசவில்லை.

டிசம்பர் 6
அடுத்த முறைக்காகத் தன்விவரத்தையும் விரல்ரேகையையும் எஃப்பிஐயிடமே முன்கூட்டிக் கொடுத்து ஓர் எண் வாங்கி வைக்கலாமாம். படிவத்தை அச்செடுத்தேன். முதல் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

டிசம்பர் 8
கடையிலிருந்து தவறிய அழைப்பு, மாலை 5.50. திருப்பி அழைத்தேன், மூடிவிட்டார்கள். நாளை 10 மணிக்குத் திறப்பார்கள்.